ஏஐ உங்கள் கடையைப் பரிந்துரைக்க வேண்டுமா? கொழும்புக் கடைக்காரர் எதில் காசு போடலாம்

ஜூலை, ஆகஸ்டில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்திறங்கும் குடும்பங்கள் முன்பெல்லாம் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாளிடம் கேட்டுத்தான் கடை தேடும். மச்சாளிடம் இப்போதும் கேட்கிறார்கள். ஆனால் விமானம் ஏறும் முன்னமே பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள்: "கொழும்பில் இரண்டு நாளில் சாறி பிளவுஸ் தைத்துத் தரும் கடை எது?" பதிலில் மூன்று நான்கு பெயர்கள் வரும். உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டால், உங்கள் தையல் எப்படி என்ற பேச்சே அங்கு எழாது.

இதைச் சொல்லியே "ஏஐயில் உங்கள் கடையை முதலாவதாக வரச் செய்கிறோம்" என்று மாதக் கட்டணத்துக்குப் பக்கேஜ் விற்பவர்களும் வந்துவிட்டார்கள். கடைக்காரரிடம் இருப்பதோ கொஞ்சக் காசு, அதைவிடக் கொஞ்ச நேரம். முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: கூகுள் வரைபடப் பதிவு, சொந்த இணையத்தளம், பேஸ்புக் டிக்டொக் வகையறா, பிக்மீ ஊபர் போன்ற செயலிகள், கடைசியாக இந்த மாதச் சந்தா நிறுவனங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிறு கடைகளுக்கு முதல் இரண்டும் ஒழுங்காக இருந்தால் போதும். ஐந்தாவது சிலருக்குத்தான் தகும். யாருக்கு எது என்பதைக் கடையின் தொழிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பதில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது, தான் முன்பு படித்ததை வைத்து மட்டுமே பேசியது. அந்தப் படிப்பில் கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எங்கே இடம் இருந்திருக்கப் போகிறது? 2024 அக்டோபர் கடைசியில் சாட்ஜிபிடிக்குள் இணையத் தேடல் வந்தது. அதே மாதம் கூகுளும் தேடல் பக்கத்தின் உச்சியில் காட்டும் ஏஐ சுருக்கத்தை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டுபோனது. பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ சேவை ஆரம்பத்தில் இருந்தே தேடிப் பதில் சொல்லும் வகை.

இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. கேள்வியைச் சிறு சிறு தேடல்களாகப் பிரிக்கும், கிடைக்கும் பக்கங்களை வாசிக்கும், அவற்றில் உள்ளதைக் கோத்துச் சொல்லும். கூகுளின் ஜெமினிக்குக் கூகுள் வரைபடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாட்ஜிபிடிக்குத் தேடல் முடிவுகளைத் தருபவற்றில் மைக்ரோசொஃப்டின் பிங் தேடலும் ஒன்று என்று அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே சொல்லியிருக்கிறது. எங்கேயும் எழுத்தில் இல்லாத கடையைப் பற்றி இவற்றால் எதையும் சொல்ல முடியாது. இருபது வருட நல்ல பெயர் வாய்மொழியிலேயே இருந்தால் அது இயந்திரத்தின் காதில் விழாது.

எனவே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வாடிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்விகளை, கடையின் பெயரைச் சொல்லாமல், சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி மூன்றிடமும் கேளுங்கள். யாருடைய பெயர் வருகிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், பதிலோடு சேர்த்துக் காட்டும் இணைப்புகளையும் திறந்து பாருங்கள். தங்குமிடம் பற்றிக் கேட்டால் டிரிப்அட்வைசரும் புக்கிங் தளமும் வரலாம். தையல் பற்றிக் கேட்டால் வரைபடப் பதிவுகளும் யாரோ எழுதிய பயணக் குறிப்பும் வரலாம். எந்த இடங்களில் இருந்து பதில் எடுக்கப்படுகிறதோ, உங்கள் பெயர் அங்கே இருக்க வேண்டும். ஐந்து வழிகளில் எது உங்களுக்குரியது என்பதில் பாதி அந்த இணைப்புகளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதை உங்கள் சொந்தப் போனில், உங்கள் சொந்தக் கணக்கில் கேட்காதீர்கள். சாட்ஜிபிடி முந்தைய உரையாடல்களில் இருந்து சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும். தினமும் உங்கள் கடையைப் பற்றியே அதோடு பேசிக்கொண்டிருந்தால் அது உங்களிடம் உங்கள் கடையைச் சொல்வதில் அதிசயம் இல்லை. தற்காலிக உரையாடலைத் திறந்து கேளுங்கள், அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு தடவை கேட்டு முடிவெடுக்கவும் வேண்டாம். அதே கேள்விக்கு இன்று ஒரு பட்டியலும் நாளை வேறொன்றும் வரும்.

வரைபடப் பதிவு: இலவசம், ஆனால் அரைகுறை

கூகுள் பிஸ்னஸ் ப்ரொஃபைல் என்று இப்போது பெயர். 2021 வரை கூகுள் மை பிஸ்னஸ் என்றார்கள். பெரும்பாலான கடைகளுக்கு இது ஏற்கெனவே இருக்கும், ஆனால் யாரோ எப்போதோ திறந்து வைத்து அப்படியே விட்டதாக இருக்கும். தொலைபேசி இலக்கம் பழையது, படம் பழைய பெயர்ப்பலகை, நேரம் "24 மணிநேரமும் திறந்திருக்கும்".

இதைத் திருத்துவதற்குக் காசு தேவையில்லை. இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மற்ற நான்கு வழிகளையும் விட இதில்தான் போட்ட உழைப்புக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் கணிப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகவரியில் இருந்து தொடங்குவோம். "காலி வீதி" என்று மட்டும் போட்டால் அது கொள்ளுப்பிட்டியிலும் உண்டு, பம்பலப்பிட்டியிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் உண்டு. இலக்கத்தோடு கொழும்பு 06 என்று சேர்த்து எழுதுங்கள். செட்டியார் தெரு நகைக்கடைக்கு ஆங்கில முகவரியில் சீ ஸ்ட்ரீட் என்றுதான் இருக்கும். தமிழில் கேட்பவருக்கும் கண்டுபிடிக்க வசதியாக விவரப் பகுதியில் செட்டியார் தெரு என்றும் எழுதிவிடலாம். கடைப்பெயரும் தொலைபேசி இலக்கமும் வரைபடத்தில் ஒரு மாதிரி, பேஸ்புக்கில் ஒரு மாதிரி, பில்லில் இன்னொரு மாதிரி இருந்தால் இயந்திரம் அவற்றை வேறு வேறு கடைகளாக எடுத்துக்கொள்ளவும் கூடும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பெயரோடு "வெள்ளவத்தையின் சிறந்த தையலகம்" என்று வால் ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். கூகுள் விதிப்படி அது தவறு, பதிவையே முடக்கிவிடலாம்.

அடுத்தது நேரம். நம்மூரில் இது ஒரு தனிச் சிக்கல். போயா நாட்களில் மூடும் கடைகள் உண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஒன்றரை மணிநேரம் மூடும் புறக்கோட்டைக் கடைகள் உண்டு, தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நாள்கணக்கில் மூடுபவர்கள் உண்டு. ஒரே நாளில் இரண்டு தடவை திறப்பதாகவும், விசேட நாட்களுக்கு வேறு நேரம் என்றும் இதில் குறிக்க வசதி இருக்கிறது. "ஞாயிறு பின்னேரம் திறந்திருக்கும் கடை" என்று கேட்பவருக்குப் பதில் அங்கிருந்துதான் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ரிவியூ. ஐந்து நட்சத்திரமும் "குட் சேர்விஸ்" என்ற இரண்டு சொல்லும் ஏஐக்கு எதையும் சொல்வதில்லை. "கூறைச் சாறிக்கு ஓரம் அடித்து, பிளவுஸும் சேர்த்து இரண்டு நாளில் தந்தார்கள், சொன்ன காசுதான் எடுத்தார்கள்" என்று ஒருவர் எழுதினால் அதுவே பதிலாக மாறும். எனவே வாடிக்கையாளரிடம் ரிவியூ கேட்கும்போது "என்ன தைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கோ" என்று சேர்த்துக் கேளுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, தங்கிலிஷில் எழுதினாலும் சரி. ரிவியூ எழுதினால் கழிவு தருகிறேன் என்பது கூகுள் விதிக்கு மாறானது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுத வைப்பதும் அப்படியே. குறை சொல்லி எழுதியவருக்கு மரியாதையாக, விவரத்தோடு பதில் போட்டால் அந்தப் பதிலும் வாசிக்கப்படும்.

கடைசியாக ஒன்று, இதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். அந்தப் பதிவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? மருமகன் திறந்து கொடுத்துவிட்டு அவுஸ்திரேலியா போய்விட்டால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். உரிமையாளர் கணக்கு கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். உதவி செய்பவரை முகாமையாளராக மட்டும் சேருங்கள்.

சொந்த இணையத்தளம்: பெரிதாக வேண்டாம், வாசிக்கக்கூடியதாக வேண்டும்

வரைபடப் பதிவுக்குள் எல்லாவற்றையும் எழுத முடியாது. "பழைய நகையை மாற்றும்போது எவ்வளவு கழிப்பார்கள்?", "நூறு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்?", "வெளிநாட்டு அட்டை எடுப்பீர்களா?" போன்ற கேள்விகளுக்கு ஒரு பக்கம் வேண்டும். .lk என்று முடியும் இணையப் பெயர் (டொமைன்) ஒன்றை எல்கே டொமைன் பதிவகத்தில் எடுத்து, நான்கைந்து பக்கம் போட்டால் போதும். விலை மாறும் பொருள் என்றால் விலைக்குப் பக்கத்தில் திகதியையும் போடுங்கள். பவுண் விலையைப் போட்டுவிட்டு ஆறு மாதம் தொடாமல் விட்டால், ஏஐ அதை எடுத்துச் சொல்ல, வாடிக்கையாளர் வந்து உங்களோடு சண்டை பிடிப்பார்.

என்ன எழுதினால் எடுபடும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் டெல்லி ஐஐடியும் சார்ந்த ஆய்வாளர்கள் 2023 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எண்கள், மேற்கோள்கள், ஆதாரங்கள் உள்ள பக்கங்கள் ஏஐ பதில்களில் கூடுதலாகத் தெரிந்தன. ஒரே தேடுசொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்த பக்கங்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. "தரமான சேவை, நியாயமான விலை" என்று எழுதுவதை விட்டுவிட்டு "பிளவுஸ் தைக்க இரண்டு நாள், அவசரம் என்றால் அடுத்த நாள், துணி கொண்டுவர வேண்டும்" என்று எழுதுவதற்கு இது போதிய காரணம்.

இங்கே காசு வீணாகும் இடங்களும் உண்டு. விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது முதலாவது. கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளின் மெனு எல்லாம் வண்ணப் படங்கள்தான். கொத்து இருக்கிறது, அப்பம் இருக்கிறது, இயந்திரத்துக்கோ அது ஒரு படம். எழுத்தாகவும் போடுங்கள். அடுத்தது, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் ஓடினால்தான் எழுத்துத் தெரியும் பாணியில் கட்டிய தளங்கள். கூகுள் அதை ஓட்டிப் பார்க்கும், ஏஐக்காகத் தளங்களை வாசித்துவரும் நிரல்களான வாசிப்பான்கள் பலவும் ஓட்டுவதில்லை. மூன்றாவது, கதவையே பூட்டி வைப்பது. எந்த வாசிப்பான் உள்ளே வரலாம் என்று சொல்லும் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில் ஓப்பன்ஏஐயின் தேடல் வாசிப்பான் தடுக்கப்பட்டிருந்தால் சாட்ஜிபிடியின் தேடல் பதில்களில் நீங்கள் வரமாட்டீர்கள். தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலையில் இருந்து, புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ வாசிப்பான்களைத் தடுப்பதையே இயல்புநிலையாக வைத்தது. செய்தி நிறுவனங்களுக்கு அது நல்லது. தையல் கடைக்கு அது தன் கடைவாசலில் தானே இரும்புக் கதவு போடுவது. தளம் கட்டியவரிடம் இதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். அப்படியே பிங் தேடலில் தளத்தைப் பதிவதற்கான பிங் வெப்மாஸ்டர் கருவியிலும் தளத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை, நம்மவர்கள் கூகுளோடு நின்றுவிடுவதால் பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை.

பேஸ்புக்கில் எல்லாம் இருக்கிறதே?

கொழும்பில் பாதிக் கடைகளின் வாதம் இதுதான். பேஸ்புக்கில் ஆயிரக்கணக்கில் லைக் இருக்கிறது, வட்ஸ்அப்பில் ஓடர் வருகிறது, பிறகெதற்கு வேறு? ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தக்க வைப்பதற்கு அது மிக நல்ல இடம், விட வேண்டாம். ஆனால் பேஸ்புக் பதிவுகளில் பெரும்பகுதி உள்நுழைந்தால்தான் தெரியும், வெளி வாசிப்பான்களை அந்நிறுவனம் தன் அனுமதி இல்லாமல் உள்ளே விடுவதும் இல்லை. உங்கள் பத்து வருடப் பதிவுகள் சாட்ஜிபிடிக்குப் பெரும்பாலும் இல்லாத மாதிரித்தான். இன்ஸ்டகிராமில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலில் வரலாம். அதனால் கணக்கு தொழில்முறை வகையா என்று பாருங்கள், படத்துக்குக் கீழே வெறும் இதயக்குறி போடாமல் என்ன, எங்கே, எவ்வளவு என்று எழுதுங்கள். யூடியூபில் யாராவது கடையைக் காட்டினால் தலைப்பிலும் விவரத்திலும் கடைப்பெயரையும் இடத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். "வெள்ளவத்தையில் செம கடை!" என்ற தலைப்பால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

செயலிகளும் பட்டியல் தளங்களும்

சுருக்கமாகச் சொல்லலாம். பிக்மீயும் ஊபர் ஈட்ஸும் பசித்தவர் அங்கேயே தேடி அங்கேயே வாங்கும் இடங்கள். அதற்காகச் சேருங்கள், ஏஐக்காகச் சேர வேண்டாம். ஒவ்வொரு விற்பனையிலும் தரகுப்பணம் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தங்குமிடமும் சுற்றுலாப் பயணி வரும் சாப்பாட்டுக் கடையும் வேறு கதை. அவர்களுக்கு டிரிப்அட்வைசர், புக்கிங் போன்றவற்றில் நிரம்பிய விவரமும் புதிய ரிவியூவும் வேண்டும். பதில்களின் இணைப்புகளில் அவை அடிக்கடி வருவதை நீங்களே பார்க்கலாம்.

மாதச் சந்தா நிறுவனம்

ஏஐ பதில்களில் பெயர் வர வைக்கும் வேலைக்கு ஜிஇஓ, ஏஇஓ என்று மூன்றெழுத்துச் சொற்களோடு வருவார்கள். எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் செய்வது மேலே சொன்ன வேலைகளைத்தான், ஒழுங்காகச் செய்வார்கள். கேள்வி, அதற்கு மாதாமாதம் காசு தேவையா என்பதே. சிறு கடை ஒன்றில் பதிவைத் திருத்துவதும் நான்கு பக்கம் எழுதுவதும் ஒரு தடவை முடிகிற வேலை. பிறகு ரிவியூக்குப் பதில் போடுவதும் நேரத்தை மாற்றுவதும்தான் மிச்சம். அதைக் கடையில் நிற்கும் பிள்ளையே செய்யலாம்.

பக்கேஜில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். "எல்எல்எம்எஸ் கோப்பு போடுகிறோம்" என்றால், தளத்தில் என்ன இருக்கிறது என்று ஏஐக்குச் சுருக்கிச் சொல்லும் கோப்பு அது, 2024 செப்டம்பரில் ஏஐ ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த ஒரு யோசனை. தாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் தரப்பில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஏஐ சுருக்கங்களில் வருவதற்குத் தனிக் கோப்போ தனி ஸ்கீமாவோ (பக்கத்துக்குள் இயந்திரத்துக்காக எழுதும் குறிப்பு) தேவையில்லை என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. போடுவதால் கெடுதல் இல்லை, அதற்குக் கட்டணம் எதற்கு? "மாதம் நூறு கட்டுரை போடுகிறோம்" என்றால் ஓடிவிடுங்கள். பயனற்ற பக்கங்களை இயந்திரத்தால் பெருந்தொகையாக உருவாக்கிப் போடுவதைக் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பாம் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. "முதலிடம் உத்தரவாதம்" என்பவரிடம் ஒரே கேள்வியை அவர் முன்னாலேயே மூன்று போன்களில் கேட்டுக் காட்டுங்கள். மூன்றில் மூன்று பட்டியல் வந்தால் எந்த முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறார் என்று அவரே சொல்லட்டும்.

அப்படியும் நிறுவனம் தகும் இடங்கள் இருக்கின்றன. நான்கைந்து கிளை உள்ளவர்கள், மூன்று மொழியிலும் தளம் நடத்துபவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெரிய தொகைக்கு விற்பவர்கள் கொடுக்கலாம். மாதச் சந்தாவுக்குப் போகாமல் ஒரு தடவை வேலையாகப் பேசுங்கள். டொமைனும் வரைபடப் பதிவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கடையைப் பார்த்து முடிவெடுங்கள்

வெள்ளவத்தைத் தையல் கடை, பிளவுஸ் கடை, மணவறை அலங்காரம் செய்பவர்: வரைபடமும் ஆங்கிலம் தமிழ் இரண்டிலும் நான்கு பக்கத் தளமும். கேட்பவர் பலரும் வெளிநாட்டில் இருந்து கேட்பதால் இவர்களுக்குத்தான் லாபம் அதிகம், தளத்துக்குக் காசு போடலாம்.

செட்டியார் தெரு நகைக்கடைக்கும் தளம் வேண்டும். செய்கூலி, கழிவு, திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் வெளிப்படையாக எழுத மனம் இருந்தால் மட்டும். எழுத மனமில்லாதவர் தளம் கட்டிப் பயனில்லை, வரைபடத்தோடு நிற்கலாம்.

கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைக்கு வரைபடமும் எழுத்து மெனுவும் போதும். விசேடங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர் என்றால் அதற்கென ஒரு தனிப் பக்கம் போடலாம்.

பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைக்கு வருபவர் பாஸ்மாரும் கொந்தராத்துக்காரரும். அவர்கள் போன் எடுத்துச் சரக்கு இருக்கிறதா என்று கேட்பவர்கள். கெய்சர் வீதி மொத்த வியாபாரிக்கும் அப்படித்தான், வெளியூர்க் கடைக்காரர் வருடக்கணக்காக ஒரே முதலாளியிடம் எடுப்பவர். இவர்கள் தொலைபேசி இலக்கத்தையும் நேரத்தையும் வரைபடத்தில் சரியாக வைத்துவிட்டு, மிச்சக் காசைச் சரக்கில் போடலாம். பக்கேஜ்காரர் எத்தனை தடவை வந்தாலும் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

டிசம்பர் சீசனை எண்ணி இதைத் தொடங்குகிறவர்கள் செப்டம்பருக்குள் தொடங்குங்கள். பதிவை உறுதிப்படுத்தக் கூகுள் வீடியோ கேட்கலாம். பெயர்ப்பலகை, வீதி, கடையின் உட்புறம் மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரிய எடுக்க வேண்டும், திருப்பி அனுப்பினால் மறுபடியும் எடுக்க வேண்டும். ரிவியூகளும் ஒரே வாரத்தில் முப்பது வந்து குவிவதைவிட, வாரத்துக்கு இரண்டாக வந்துகொண்டிருப்பதுதான் பார்ப்பவருக்கும் நம்பிக்கையாக இருக்கும்.